துண்டு கிடக்கு, தெரியலையா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த மாலை. திருப்பூர் கோவில்வழி பேருந்து நிலையத்துக்குள் மதுரை வண்டி வளையும்போதே ஜன்னல்கள் வழியாகச் சரக்கு பறக்கிறது: துண்டு, கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு. துணிந்த அப்பாக்கள் பிள்ளையையே உள்ளே இறக்கிவிடுகிறார்கள்.

உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊர்தான். ஆனால் சீட்டுப் பிடிக்கப் பனியன் செல்லாது, துண்டுதான் பத்திரப்பதிவு. மூன்று பேர் இருக்கைக்கு விரித்துப் போட்ட துண்டு, ஒருவருக்கு என்றால் சுருட்டி எறிந்தது.

சொகுசுக் கப்பலிலும் இதே கதைதான். நீச்சல்குளத்தோரச் சாய்வு நாற்காலியில் விடியும் முன் துண்டை விரித்துவிட்டு, ஆள் மறுபடி தூங்கப் போய்விடுகிறார். கார்னிவல் நிறுவனம் இதற்கு 40 நிமிடக் கெடு வைத்தது. ஊழியர் நேரம் குறித்த சீட்டை ஒட்டிவிட்டுப் போவார். கெடு தாண்டினால் துண்டு அகற்றப்படும்.

கோவில்வழியில் 40 நிமிடம் கெடு கொடுத்தால் வண்டி தாராபுரம் சாலையில் பாதி தூரம் போயிருக்கும். இங்கே தீர்ப்பு உடனடி.

"அண்ணே, துண்டு கெடக்குல்ல, தெரியலையா?"

"துண்டுக்கு டிக்கெட் எடுத்துட்டீங்ளா?"

இருவரும் நடத்துனரைப் பார்க்கிறார்கள். அவர் அவசரமாகச் சில்லறை எண்ணத் தொடங்குகிறார். அவருடைய இருக்கையிலும் யாரோ ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.