மணியடிக்கும் ஜோசியர்

கரிசல் சீமையில் முன்கணிப்புக்கு என்றைக்குமே பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் மழைக்குத்தான். இனி அவசர சிகிச்சைப் பிரிவிலும் கணினி ஆரூடம் சொல்லும் என்கிறார்கள். சொல்லட்டும்.

அமெரிக்காவில் 'எபிக்' நிறுவனத்தின் மென்பொருள், செப்சிஸ் எனும் கொடிய நோய்த்தொற்று விளைவை முன்கூட்டியே காட்டித் தரும் என்று நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் குடியேறியது. 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் மருத்துவமனைக் கணக்கை வைத்து உரசிப் பார்த்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கோட்டைவிட்டிருந்தது. மணியடிப்பதில் மட்டும் குறையில்லை: அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை.

கோவில்பட்டிக்கு அது வந்தால்? தீப்பெட்டி ஆபீஸ் தீக்காயம், பருத்திக்காட்டுப் பாம்புக்கடி, நாற்கரச் சாலை விபத்து என்று ஆட்கள் வந்து இறங்குவார்கள். பார்த்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடும் நர்சம்மா, முதலில் திரைக்கு வயசு, நாடி, ரத்த அழுத்தமெல்லாம் ஊட்ட வேண்டும். அதற்குள் கரண்ட் போகும். வந்ததும் திரை அறிவிக்கும்: "நிலைமை மோசமாகலாம்." அதைத்தான் கூட வந்த பெரியம்மா வாசலிலேயே ஒப்பாரியாகச் சொல்லிவிட்டாளே!

மென்பொருளுக்கு ஒரு வசதி உண்டு. கணிப்பு பொய்த்தால் சொந்தபந்தம் பாய்ந்து பிடிக்க அதற்குச் சட்டை கிடையாது. டூட்டி டாக்டருக்கு உண்டு.