பூசலாருக்கு மேஸ்திரி கெடையாது

ஏன்டா தம்பி, சமையல்கட்ட இடிச்சுக் கட்டப் போறியாமே? தாராளமா கட்டு. பிள்ளையார்பாளையத்துலயே உங்க வீட்டுலதான் கொஞ்சம் நிம்மதி மீந்து கெடந்துச்சு, அதையும் தீத்துக்க. பெரியப்பன் தடுக்க மாட்டேன். எனக்கும் வேடிக்கை பாத்து நாளாச்சு.

ஆனா மொதல்ல பூசலார் கதைய ஒரு தடவ நெனச்சுக்க. நம்ம ஊர்ல பல்லவ ராஜா கைலாசநாதருக்குக் கல்லுல கோயில் எழுப்பினாரு. அங்க திருநின்றவூர்ல கையில காலணா இல்லாத பூசலாரு மனசுக்குள்ளயே ஒரு கோயில் கட்டினாரு. ரெண்டு பேரும் குடமுழுக்குக்கு ஒரே நாளு குறிச்சிட்டாங்க. சிவபெருமான் ராஜா கனவுல வந்து, உன்னுத இன்னொரு நாள் வெச்சுக்கன்னுட்டாரு. ஊரே இதுல பக்தியப் பேசும். எனக்கு வேற ஒண்ணு தெரியுது: ஆள் வெச்சுக் கட்டினவருக்குத் தேதி தள்ளிப் போச்சு, மனசுல கட்டினவருக்குத் தள்ளல.

அவரு ஒண்ணும் கண்ண மூடிக்கினு மொத்தமா 'கோயில்'னு நெனச்சுடல. அஸ்திவாரம், சிகரம், மதில், கெணறு, குளம்னு ஒண்ணு விடாம கட்டினாரு. மனசுல கட்டினாலும் தண்ணிக்கு வழி பண்ணாம விடல. நீ என்னடான்னா போன்ல நாலு படத்தக் காட்டி 'இதேதான் வேணும்'ங்கற. அந்தப் படத்துல எங்கயாச்சும் கொழம்பு கொதிக்குதா? ஒரு கரித்துணியாவது தொங்குதா?

ஓப்பன் கிச்சன் வேணுமாம், நடுச் செவுத்த எடுத்துட்டா காத்தோட்டமாம். எடுத்துடு. தறி கூடத்துலதான இருக்குது? கருவாட்டுக் கொழம்பு தாளிக்கிற நெடி நேரா பட்டுல போய் உக்காரட்டும். யாரு வீட்டுத் தறியில நெஞ்ச முகூர்த்தப் புடவன்னு பொண்ணு வீட்டுக்காரங்க மோந்து பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்க. அந்தச் செவுரும் சும்மா நிக்கலடா. மேல இருக்கறது மெட்ராஸ் டெரஸ். எந்த உத்திரம் எந்தச் செவுத்து மேல உக்காந்திருக்குதுன்னு பாக்காம சம்மட்டியத் தூக்கினா, கூரையும் ஓப்பனாயிடும். ஒரு இன்ஜினியரக் கூப்ட்டுக் காட்டு. அவருக்குக் குடுக்கற காசு கூரையோட வெலைய விடக் கம்மிதான்.

கிரானைட்ட வீட்டுக்குள்ள வெச்சு அறுப்பாங்க, பாரு, அங்கதான் உன் பொழப்பே இருக்குது. அந்தத் தூளு கதவ மூடினா நிக்காது. பாவுல எறங்கிச்சுன்னா எழைய அராவும், கலரும் மங்கும். தறியில இருக்கற பாவ நெஞ்சு எறக்கிட்டு அப்புறமா மேஸ்திரியக் கூப்புடு. அவசரம்னா அறுக்கற வேலையத் தெருவுல வெச்சுக்க. அதுவும் காலையில தெருவுல பாவு நீட்டறவங்க சுருட்டி எடுத்துக்கினு போன பிற்பாடு. இல்லன்னா தெருவே சேந்து உன்ன நீட்டிடும்.

மேடை என்ன உயரம் வேணும்னு மேஸ்திரி உன்னதான் கேப்பாரு. நீயும் மீசையத் தடவிக்கினு சொல்லுவ. நீ கடைசியா அடுப்பு பத்த வெச்சது எப்பன்னு உனக்கே ஞாபகம் இருக்காது. 32 அங்குலம், 34 அங்குலம்னு ஒரு வழக்கம் உண்டு. அத விட்டுத்தள்ளு. மருமவள நிக்க வெச்சு முழங்கைய மடக்கச் சொல்லி, அதுக்கு நாலஞ்சு அங்குலம் கீழ செவுத்துல ஒரு கரிக்கோடு போடு. உங்கம்மா அவள விடக் குள்ளம், ஞாபகம் வெச்சுக்க. ரெண்டு பேரும் ஒரே கோட்டுக்கு ஒத்துக்கற அன்னைக்குச் சொல்லி அனுப்பு, கச்சபேஸ்வரர் கோயில்ல தேங்கா ஒடைக்கறேன்.

அப்புறம் அந்தச் சிம்னி. அடுப்புக்கு மேல ரெண்டு, ரெண்டரை அடியில மாட்டுவாங்க. நம்ம குடலை இட்லிக்கு மூங்கில் குடலையில மந்தாரை எல போட்டு, மாவ ஊத்தி, உயரமான பாத்திரத்துக்குள்ள வெக்கணும். வெந்ததும் மேலாக்கத் தூக்கித்தான வெளிய எடுக்கணும்? அதுக்கு மேல இன்னொரு குடலை உயரம் காலியா வேணும். காலிப் பாத்திரத்த அடுப்புல வெச்சு ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு ஆணி அடி. அந்தப் படத்துல இருக்கறவன் வீட்டுல குடலை இட்லி கெடையாது, அவன் சிம்னிய எங்க வேணா மாட்டிக்குவான். அதே பாத்திரம் தொட்டிக் கொழாய்க்கு அடியில நொழையுதான்னும் பாரு. இல்லன்னா சொம்பு சொம்பா ஊத்தி ரொப்பிக்கினு இரு.

பாவு ஏத்தின பிற்பாடு பார்டர மாத்துன்னு முதலாளி சொன்னா உனக்கு எப்படி இருக்கும்? டைல்ஸ் ஒட்டினப்புறம் கொழாய ஒரு அடி தள்ளுன்னு நீ சொன்னா மேஸ்திரிக்கும் அப்படித்தான். ஆனா அவரு கோவிக்க மாட்டாரு. சிரிச்சிக்கினே, "செஞ்சுரலாம் சார், கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்"பாரு. அந்தச் சிரிப்புக்கு நீ தாங்க மாட்ட. அதனால டைல்ஸ் மூடறதுக்கு முன்னாடியே பைப்புல தண்ணிய நிறுத்தி ஒரு ராத்திரி விட்டு ஒழுகுதான்னு பாரு. எந்தச் செவுத்துல எந்தப் பைப் ஓடுதுன்னு படம் புடிச்சு வெச்சுக்க, அந்தப் போனுக்கு அப்படியாச்சும் ஒரு வேல இருக்கட்டும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தனித்தனியா பிளக்கு கேளு.

தேதி கேட்டா "வியாழக்கெழம"ம்பாரு. எந்த வியாழன்னு கேட்டு சங்கடப்படுத்தாத. அத்தி வரதர் குளத்துக்குள்ள படுத்துக்கினே 1939, 1979, 2019ன்னு வெளிய வர்ற 40 வருஷக் கணக்கத் தப்பவிடல. அடுத்தது 2059. உன் வேலையும் அதுக்குள்ள முடிஞ்சிடும்னுதான் எனக்குத் தோணுது. மேஸ்திரிய ரொம்பத் திட்டாத. நாமளும் முன்பணத்த வாங்கிக்கினு 'எழ அறுந்து போச்சு முதலாளி'ன்னு சொன்ன பரம்பரைதானே.

இடிச்ச குப்பைய யாரு வாருறது, சிமெண்டு யாரு வாங்கறது, கூலி மட்டுமா சாமானும் சேத்தா, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கு. காச வேல முடிய முடியப் பிரிச்சுக் குடு. கடைசிப் பத்தாயிரத்த மட்டும் உங்கம்மா கையில குடுத்து முந்தானையில முடிஞ்சுக்கச் சொல்லு. தொட்டி ஒழுகாம, தரையில ஒரு வாளி ஊத்தினா தண்ணி சாக்கடைப் பக்கமா ஓடற அன்னைக்கு மேஸ்திரி அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கட்டும். உங்கிட்ட இருந்தா, அவரு ஒரு தடவ 'சார்'னா போதும், நீயே பர்ஸத் தொறந்துடுவ.