ஆசையாப் பாக்குதுல்ல!

கேட்டின் கொண்டி சத்தம் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும், வந்திருப்பது மாமா என்று. மற்றவர்கள் வந்தால் செருப்புச் சத்தம் கேட்கும். மாமா வந்தால் கேரி பேக் சரசரக்கும். உள்ளே பழம். ராஜபாளையத்தில் தளவாய்புரம் பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிஷத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசி, எடைக்கு மேல் ஒன்று போடச் சொல்லி வாங்கிய பழம். வீட்டில் அம்மா இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு இருக்கிறார்கள். முதல் பழம் இவர்கள் யாருக்கும் கிடையாது. சீனிக்குத்தான். சீனி எங்கள் நாய்.

"ஆசையாப் பாக்குதுல்ல, மாப்ள!"

இந்த ஒரு வாக்கியம்தான் மாமாவின் வேதம். அவர் வீட்டில் நாய் கிடையாது, அத்தை விடமாட்டாள். அதனால் ஊரார் வீட்டு நாய்களுக்கெல்லாம் தாய்மாமன் அவர். ஒரு நாயின் பெயரும் நினைவில் நிற்காது; எல்லாமே 'மணி'. டீக்கடையில் பன் வாங்கினால் வாசலில் கிடக்கிற மணிக்குப் பாதி. கல்யாணப் பந்தியில் இலையிலிருக்கும் வாழைப்பழம் சட்டைப் பைக்குள் போய், மண்டபத்துக்குப் பின்னால் சுற்றுகிற மணிக்குச் சேரும்.

காரணம் கேட்டால், கண்ணு. ஒரு ஜீவன் பார்க்கப் பார்க்கத் தின்றால் வயிறு வலிக்கும் என்று அவர் ஆத்தா சொல்லியிருக்கிறாள். என் ஆத்தாவும்தான் சொன்னாள். உங்கள் ஆத்தாவும் சொல்லியிருப்பாள். ஒரு கிள்ளு போட்டுவிட்டுத் தின்றால் தோஷமில்லை. மற்றவர்களுக்குக் கிள்ளு என்றால் நகக்கண் அளவு. மாமாவுக்குக் கிள்ளு என்றால் அரைப் பழம். மீதி அரையை வாய்க்குக் கொண்டு போகும்போது நாய் மறுபடி பார்க்கும். தின்றுவிட்டால் நாய் பார்க்காமல் வேறென்ன செய்யும்? "இன்னும் ஆசை தீரலை பாரு" என்று அதுவும் போகும். ஒரு வாழைப்பழத்தை மாமா முழுசாகத் தின்று நான் பார்த்ததில்லை. ஆக, அவருக்கு வயிற்றுவலி வந்ததே இல்லை. தத்துவம் நிரூபணமாகிவிட்டது.

சீனி அசல் ராஜபாளையம். 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டதே, இமாலய ஆட்டுக்காவல் நாய், ராம்பூர், முதோள், ராஜபாளையம் என்று, அந்த வம்சம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பொன் நிறக் கண். காட்டுப்பன்றியை மடக்கிய ஜாதி. அந்நியர் தொட்டால் இந்த நாய்க்குப் பிடிக்காது, ஒரே எஜமானுக்குத்தான் அடங்கும் என்றெல்லாம் புத்தகத்தில் போட்டிருக்கும். எழுதியவர் கையில் வாழைப்பழத்தோடு போய்ப் பார்க்கவில்லை.

எங்களுக்கு வீட்டிலேயே நைட்டித் தையல். நாலு பவர் மிஷின். தளவாய்புரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்த இரைச்சலைக் கேட்கலாம். குட்டி வாங்கும்போது இரண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். மிஷினை ஓட்டியதும் ஒன்று கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. இன்னொன்று மிஷினுக்குக் கீழேயே கட்பீஸ் குவியலில் சுருண்டு தூங்கிவிட்டது. என்ன தைரியம்! அதையே எடுத்துக்கொண்டோம். தைரியமில்லை, செவிடு என்று தெரிய மூன்று வாரம் ஆயிற்று. உடம்பெல்லாம் வெள்ளையாகப் பிறக்கிற நாய்களில் இது சகஜம். வெள்ளை நிறம் தருகிற அதே காரணம் உள்காதையும் கெடுத்துவிடுகிறது. ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை கணிசம் என்று நாய் வளர்க்கிற எவரும் சொல்வார்.

செவிட்டு நாய் என்ன செய்யும்? பார்க்கும். அதற்கு இருக்கிற ஒரே வழி அதுதான். நான் வாயசைத்தால் முகத்தைப் பார்க்கும், கையசைத்தால் கையைப் பார்க்கும். மிஷினில் நூல் கோக்கிற என் மனைவியை அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்க்கும். அவள் கையில் பழமா இருக்கிறது? சுவரில் தொங்குகிற காலண்டரைக்கூட அது அப்படித்தான் பார்க்கும். இதை மாமாவுக்கு நான் விளக்கிச் சொன்னேன். அது ஆசைப் பார்வை இல்லை மாமா, காது செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துக் கண் செய்கிறது என்று.

மாமா கவனமாகக் கேட்டார். பிறகு சீனியைப் பார்த்தார். சீனி அவரைப் பார்த்தது.

"காது கேக்கலேன்னா ஆசை இருக்காதா மாப்ள?" என்று ஒரு கொய்யாவைப் பிட்டார்.

கொய்யாவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதப்போவதில்லை. நாய்க்குப் பழமே ஆகாது என்கிற கட்சி இல்லை நான். விதை எடுத்த பப்பாளி, தோலும் விதையும் போன தர்பூசணி, நடுத்தண்டும் விதையும் நீக்கிய ஆப்பிள் எல்லாம் துண்டு துண்டாகக் கொடுக்கலாம். அளவுதான் கணக்கு. தின்பண்டம் என்று கொடுப்பதெல்லாம் ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பார்கள் மருத்துவர்கள். இருபத்தைந்து கிலோ நாய்க்கு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் கலோரி என்று வைத்தால், பங்கு நூறு. ஒரு நடுத்தர வாழைப்பழமே நூறு. மாமா ஒரு சீப்பில் நாலைக் காலி செய்துவிட்டு, "எல்லாம் வைட்டமின் சி" என்பார். நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும், வெளியிலிருந்து வேண்டியது மனுசனுக்குத்தான் மாமா என்றேன். "கூடுதலா இருந்தா நல்லதுதானே" என்றார். எடைக்கு மேல் ஒன்று கேட்கிற ஆள், வேறென்ன சொல்வார்? பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாதாம், நாவில் அந்த உணர்வே கிடையாதாம். பேசாமல் பூனை வளர்த்திருக்கலாம் என்பாள் என் மனைவி.

மாம்பழ சீசன் தனிக் கொடுமை. எங்கள் பக்கத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வந்துவிட்டால் மாமா துண்டைத் தோளில் போட்டு, திண்ணையில் காலைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார். சதையை அவர் தின்பார். அதில் ஒரு துளி நாய்க்குப் போனால்கூட நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவர் கொடுப்பது கொட்டை! "சூப்பட்டும், பாவம்." வழவழவென்ற மாங்கொட்டை நாய் வாயில் நிற்குமா? வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும். குடலில் போய் அடைத்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். போன வருஷம் ஒரு கொட்டையை சீனியின் வாய்க்குள் விரலை விட்டு நான் பிடுங்கினேன். கட்டைவிரலில் பல் பட்ட தழும்பு இப்போதும் இருக்கிறது. மாமா எனக்கு மஞ்சள் பத்துப் போட்டார். பிறகு அம்மாவிடம், "ஒரு கொட்டையக்கூட நாய்க்கு விடமாட்டேங்கான், அவ்வளவு கஞ்சன்" என்று சொல்லியிருக்கிறார்.

கடைசியில் திராட்சை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் விளைகிற பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரிய பழம். மனுசருக்கு அமிர்தம். நாய்க்கு அதுவும் அதன் காய்ந்த வடிவமான கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். இதில் வம்பு என்னவென்றால் எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவு கிடையாது. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டு வாலாட்டும். இன்னொன்று நாலைந்திலேயே படுத்துவிடும். மாமா மாதிரி ஆட்களை வளர்த்துவிடுவதே அந்த வாலாட்டும் நாய்தான். "போன தடவையும்தான் குடுத்தேன், என்ன ஆச்சு?"

ஏன் விஷம் என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. அமெரிக்காவில் ஒரு நாய், பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைந்து வைத்திருந்த மாவைத் தின்றது. அதில் க்ரீம் ஆஃப் டார்டர் கலந்திருந்தது. நாய்க்கு வந்ததோ அச்சு அசல் திராட்சை தின்ற நாய்க்கு வருகிற கோளாறு. அங்கேதான் பொறி தட்டியது. காரணம் இரண்டிலும் இருக்கிற டார்டாரிக் அமிலமாக இருக்க வேண்டும் என்று 2021-ல் எழுதினார்கள். நம் புளியிலும் அதேதான் நிறைய இருக்கிறது. இதைச் சொன்னதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப காலங்காலமா ரசஞ்சோறு தின்ன நாயெல்லாம்?" தெளிந்த ரசம் வேறு மாமா, புளி உருண்டை வேறு. "அதான், திராட்சையும் ஒண்ணு ரெண்டுன்னா ரசம் மாதிரிதான்."

ஒரு நாள் சாயங்காலம் நான் பஞ்சாயத்து ஆபீஸ் வரை போய்விட்டு வந்தேன். காம்பு மட்டும் மிச்சமாக ஒரு கொத்து திண்ணையில் கிடந்தது. எத்தனை மாமா? "ஒண்ணே ஒண்ணு." காம்பை எண்ணினால் முப்பதுக்கு மேல். ராத்திரி ஒன்பது மணிக்குச் சீனி வாந்தியெடுத்தது. தோல் தோலாக வந்தது. அம்மா உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். போனில் மருத்துவர் கத்தினார், உப்பு கொடுக்காதீங்க, உப்பே நாயைக் கொன்றுவிடும், உடனே தூக்கிட்டு வாங்க என்று. தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் ஊசி போட்டே எல்லாவற்றையும் வாந்தியெடுக்க வைத்திருக்கலாம் என்றார். இரண்டு நாள் டிரிப்ஸ். சிறுநீரகக் கோளாறைக் காட்டுகிற கிரியேட்டினின் ஏறுகிறதா என்று மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். சீனி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த இரண்டு நாளும் மிஷின் ஓடவில்லை. ஈரோட்டுப் பார்ட்டிக்குப் போக வேண்டிய நைட்டி லாட் நின்றுபோனது. செலவு முழுவதும் என்னுடையது. மாமா ஒரு வார்த்தை, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கடைக்காரன் மருந்தடிச்ச பழத்தக் குடுத்துட்டான்" என்று தள்ளுவண்டிக்காரரோடு போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அம்மாவோ, "வந்த மனுசன மொறச்சுக்கிட்டு நிக்காதடா" என்று என்னைத்தான் திட்டினாள்.

அடுத்த வாரம் மாமா வந்தார். கேரி பேக் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், பிறகு மடியில் வைத்துக்கொண்டார். சீனி எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்தது. மாமா மெதுவாக இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். நாங்கள் சீனிக்கு 'முடிஞ்சுது' என்று பழக்கியிருக்கிற சைகை அதுதான். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சீனி எழுந்து கட்பீஸ் குவியலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மாமா ரொம்ப நேரம் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகத்தான்.

அதற்கடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு வந்தார். "இது பழம் இல்லையே, மாப்ள."

எங்கள் வீட்டுக் கேட்டில் இப்போது ஒரு போர்டு தொங்குகிறது: நாய் கடிக்காது, நாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள். மாமாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அதனால் தளவாய்புரம் பக்கம் வருகிறவர்கள், அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கக் கண்டால் எங்களுக்காகக் கொஞ்சம் வாசித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் கையில் பழமிருந்தால் அதை எங்கள் அம்மாவிடம் கொடுங்கள். திராட்சையாக இருந்தால் பஸ்ஸிலேயே நீங்கள் தின்று முடித்துவிடுங்கள்.