சுட்ட சோளம்

கே: மெரினாவில் சுட்டுத் தரும் மக்காச்சோளத்தின் ருசி வீட்டில் சுட்டால் வருவதில்லையே, ஏன்? கோடையில் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன்.
– ஒரு வாசகி, திருச்சி

ப: தயிர் சாதத்துக்குச் சுட்ட சோளமா! ஊறுகாயின் பதவி போனாலும் போகட்டும், உங்கள் கட்சியில் நானும் சேர்கிறேன்.

குறை உங்கள் கையில் இல்லை, கதிரின் வயதில் இருக்கிறது. பறித்த உடனேயே சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும்; சூட்டில் கிடந்தால் இன்னும் வேகமாக. அதனால் உரித்து அடுக்கியதை விட்டுவிட்டு, பச்சைத் தோகையோடு இருப்பதை வாங்குங்கள். மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும். தண்ணீராக வந்தால் பிஞ்சு. ஒன்றுமே வராவிட்டால் கோழிக்குப் போடலாம்.

அடுத்தது நெருப்பு. வண்டிக்காரரின் விசிறி ஓய்வதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? காற்றுப் பட்டுக் கரி சிவந்து, அந்த அனலில் மணிகள் படபடவென வெடித்து, அங்கங்கே கருகினால்தான் அந்த வாசனை. கேஸ் அடுப்பில் கம்பி வலை வைத்து, மிதமான தீயில் திருப்பித் திருப்பிச் சுடலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் கரிக்கு ஈடாகாது.

உப்பையும் மிளகாய்த்தூளையும் கலந்து, பாதி எலுமிச்சம்பழத்தில் தொட்டு, கதிர் சுடச்சுட இருக்கும்போதே அழுத்தித் தேயுங்கள். வெண்ணெய் பிடிக்குமென்றால் அதற்கு முன்பே தடவிவிடுங்கள். ஆறினால் மணி இறுகிவிடும். ஆகவே முதலில் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.