பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் படி, பேராண்டி!

ராசா,

தாத்தா கோவில்பட்டிக்குப் பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். ஒன்றரை மாசம் ஐதராபாத்துல உன் பதினோராவது மாடியில பரண்ல ஏத்துன பழைய பாத்திரம் மாதிரி கிடந்துட்டு, இப்பத்தான் கால் மண்ணுல பாவுது. வந்ததும் வராததுமா அவ்வா கேட்டா, “பிள்ளை என்ன திங்கான்?”னு. “கோதுமையைத் தவிர எல்லாம் திங்கான், தெரியாமக் கோதுமையும் திங்கான்”னு சொன்னேன். அவளுக்குப் புரியலை. உனக்காவது புரியட்டும்னுதான் இந்தக் கடுதாசி.

டோலிசௌக்கியில அந்த ராத்திரி ஞாபகம் இருக்கா? நோன்பு மாசம். ரோட்டோரம் மண் அடுப்புல அண்டாவைப் புதைச்சு, ரெண்டு பேரு மரக்கட்டையால கறியையும் உடைச்ச கோதுமையையும் மசிய மசிய இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. 2010ல புவிசார் குறியீடு வாங்குன ஹலீம். நெய் மினுமினுக்க ஒரு கிண்ணம் வந்தது. நீ, “எனக்கு குளூட்டன் ஆகாது தாத்தா”ன்னு வெள்ளரித் துண்டைக் கடிச்சுக்கிட்டு நின்னே. உன் பங்கையும் சேத்து நானே தின்னேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பால்கனியில உக்காந்து பீர் பாட்டிலைத் திறந்தியே, அது எதுல வடிச்ச சரக்குன்னு நினைச்சே? பார்லி. வாற்கோதுமை. அதுலயும் அந்தக் குளூட்டன் பசை உண்டு. கோதுமை வாசல் வழியா வந்தா அரிவாளைத் தூக்குற ஆளு, பங்காளி கொல்லை வழியா வந்தா கட்டிப் பிடிக்கிறியே!

அது போகட்டும். உன் அடுப்படியில இருக்கிற கூட்டுப் பெருங்காயப் பொடி டப்பாவை, கண்ணாடி போட்டுப் படிச்சேன். முதல்ல பிசின், அடுத்தாப்புல கோதுமை மாவு, அதுக்கும் பின்னாலதான் பெருங்காயம், பந்தியில இடம் கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி நிக்குது. ஆறு மாசமா நீ காத்த விரதம் தினமும் சாம்பார்ல முறிஞ்சிருக்கு.

இவ்வளவுக்கும் காரணம் நீ ஃப்ரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டியிருக்கிற அந்தக் காயிதம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போன ஏதோ ஒரு கம்பெனி, இருநூறு சாமானைப் பட்டியல் போட்டு, கோதுமைக்குச் சிவப்பு, பாலுக்குச் சிவப்பு, முட்டைக்கு மஞ்சள்னு தேர்க்கொடி மாதிரி வர்ணம் அடிச்சு அனுப்பியிருந்தான். கீழ பெஞ்சுல சாயங்காலம் வந்து உக்காருவாங்களே, ரிட்டையர் ஆன டாக்டரம்மா, அவங்ககிட்ட அதைக் காட்டுனேன். நான் பேசுற தெலுங்கைக் கேட்டு எப்பவும் சிரிப்பாங்க. நம்ம முன்னோர் கரிசல் காட்டுக்குக் கொண்டாந்த தெலுங்கு அங்க அருங்காட்சியகத்துல வைக்கிற சரக்காம். அன்னைக்குக் காயிதத்தைப் பாத்து அதைவிட அதிகமாச் சிரிச்சாங்க.

அது ஐஜிஜின்னு ஒரு வகை எதிர்ப்பொருளை அளக்குற சோதனையாம். ஒரு சாப்பாட்டுக்கு ஐஜிஜி இருக்குன்னா, அதை நீ தின்னு வாரேங்கிறதுதான் அர்த்தம். ஒவ்வாமை வைத்தியர்களோட சங்கங்களே இதை நம்பிச் சாப்பாட்டை விடாதீங்கன்னு சொல்லியிருக்காம். நம்ம தெரு பலசரக்குக் கடையில பற்று நோட்டு இருக்குல்லா? யார் வந்தா, என்ன வாங்குனான்னு அதுல இருக்கும். கல்லாவுல கை வச்சவன் பேரு இருக்காது. நீ அந்த நோட்டைப் பாத்து ஊர்ல பாதிப் பேரைத் திருடன்னு ஒதுக்கி வச்சிருக்கே. அதுக்குக் காசும் குடுத்திருக்கே.

நிசமான சாட்சி வேற ஒண்ணு. பேரு டிடிஜி, ஐஜிஏ வகை. அது வந்த கதையைக் கேளு. பரோட்டா மாஸ்டர் வீசுனா மாவு கிழியாம இழுபடுதே, அந்தப் பசைதான் குளூட்டன். வயித்துல அது முழுசா செரிக்காது. துண்டு துண்டாக் கிடக்கும். உடம்புக்குள்ள கிழிஞ்சதை ஒட்டுப்போடுற தையக்காரன் மாதிரி ஒரு நொதி இருக்கு, டிரான்ஸ்குளூட்டமினேஸ்னு பேரு. அவன் இந்தத் துண்டைத் தொட்டு லேசாத் திருத்திவிடுவான். சில பேர் உடம்புல டிகியூ2, டிகியூ8னு மரபணு உண்டு. அவங்கள்ல கொஞ்சப் பேரோட உடம்புப் போலீசுக்கு இந்தத் திருத்துன துண்டைக் கண்டாலே ஆகாது. வந்து பாக்கும்போது துண்டும் தையக்காரனும் கைகோத்து நிப்பாங்க. போலீஸ் ரெண்டு பேருக்கும் சேத்து விலங்கு மாட்டிரும். அந்தத் தையக்காரன் பேர்ல எழுதுற வாரண்டுதான் டிடிஜி ஆன்டிபாடி. 1997ல பெர்லின்ல ஷுப்பான்னு ஒரு விஞ்ஞானியோட கூட்டம் இதைக் கண்டுபிடிச்சது.

சண்டை நடக்குற இடம் சிறுகுடல். அங்க நாத்தங்கால் மாதிரி நெருக்கமா முளைச்சு நிக்கிற உறிஞ்சிகள் மாடு மேஞ்ச வயலாட்டம் மொட்டையாப் போகும். அப்புறம் நீ இரும்பைத் தின்னாலும் ரத்தத்துல ஏறாது, சுண்ணாம்பைத் தின்னாலும் எலும்புல சேராது. இதுதான் சீலியாக் நோய்.

தையக்காரன் தனி ஆளும் இல்லை. தோல்ல ஒரு தம்பி இருக்கான், மூளையில ஒரு தம்பி இருக்கான். தோல்க்காரன் மாட்டுனா முழங்கை, முழங்கால், பிட்டத்துல கொப்புளமும் தாங்க முடியாத அரிப்பும். மூளைக்காரன் மாட்டுனா, குடிக்காமலே நடை தள்ளாடும். இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஹட்ஜிவாசிலியோன்னு ஒரு நரம்பு வைத்தியர் அந்தத் தள்ளாட்டத்தைப் பல வருசமா ஆராய்ஞ்சிருக்காரு. அந்த ஆளுகள்ல பெரும்பாலான பேருக்கு வயித்துல ஒரு தொந்தரவும் இருக்காதாம். நீ என்னடான்னா, நடுராத்திரி ஒரு மணிக்கு பிரியாணி வரவழைச்சுத் தின்னுட்டு, காலையில வயிறு உப்புதுன்னு கோதுமை மேல கேஸ் போடுறே.

இதுக்கு முந்தின காலத்துல க்ளையடின் ஆன்டிபாடின்னு ஒரு சாட்சியைத்தான் கூப்பிடுவாங்களாம். நல்ல ஆரோக்கியமான ஆளுகிட்டயும் அவன் தலை காட்டுவான். மனச்சிதைவு நோயாளிகள்ல சில பேருகிட்டயும் கூடுதலாத் தெரியிறான். அதுக்காக மனநோய்க்கெல்லாம் சப்பாத்திதான் காரணம்னு எவனாவது வீடியோ போட்டா நம்பிராதே. கோயில் திருவிழாவுல நகை காணாமப் போன அன்னைக்கு நானும்தான் அங்க இருந்தேன்.

இனி விசயத்துக்கு வாரேன். நோய் உனக்கு இல்லைடா, உன் ரூம்மேட்டுக்கு.

அந்த அரியானாப் பையன். பதினோரு வயசுலேர்ந்து இன்சுலின் ஊசி போடுறான். மூணு வருசமா இரும்பு மாத்திரை முழுங்குறான், ரத்தம் ஏறலை. இதை அவன் ஒரு தமாஷ் மாதிரி என்கிட்ட சொன்னான்: “தாதாஜி, இவ்வளவு இரும்புக்கு இந்நேரம் நான் துருப்பிடிச்சிருக்கணும்.” டாக்டரம்மாகிட்ட சொன்னப்ப அவங்க சிரிக்கலை. சின்ன வயசுல வர்ற சர்க்கரை, தைராய்டைத் தன் உடம்பே தாக்குற நோய், இதெல்லாம் சீலியாக்கோட ஒரே குடும்பத்து ஆளுகளாம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணையும் தேடிப் பாக்கணுமாம். இவனுக்கு யாரும் பாக்கலையான்னு கேட்டாங்க.

அவங்கதான் ஒரு கணக்கும் சொன்னாங்க. 2016ல வெளிவந்த ஆய்வு. நம்ம வேலூர் சி.எம்.சி.யும் டெல்லி எய்ம்ஸும் சேந்து செஞ்சது. வடக்கு, வடகிழக்கு, தெற்குன்னு 23,331 பேரைச் சோதிச்சிருக்காங்க. இந்த ஆன்டிபாடி வடக்க நூத்துக்கு 1.23 பேருக்கு, தெக்க நூத்துக்கு 0.10, அதாவது ஆயிரத்துக்கு ஒருத்தருக்கு. மரபணு என்னவோ ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: அங்க 38.1 சதவீதம், இங்க 36.4. வித்தியாசம் தட்டுல இருக்கு. அங்க ஒரு ஆளு தினம் 455 கிராம் கோதுமை, இங்க 25 கிராம். விதை ரெண்டு காட்டுலயும் கிடக்கு. மழை அந்தப் பக்கம் பெய்யுது. இப்ப நம்ம ஊர்லயும் ராத்திரியானா சப்பாத்தி, விடிஞ்சா கோதுமை ரவைன்னு தூறத் தொடங்கிருச்சு, அதனால தெற்கத்தியான்னு மார்தட்டவும் முடியாது.

நீ அப்ப என்ன செஞ்சே? “ப்ரோ, நீயும் என்னை மாதிரி கோதுமையை விட்டுரு”ன்னு அவனுக்கு உபதேசம். அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல லிஃப்டு நின்னுச்சே, அது இதுக்குத்தான். கோதுமையை நிறுத்துனா வாரண்டைக் கொஞ்சங் கொஞ்சமா வாபஸ் வாங்கிருவான் உடம்பு. சில மாசம் கழிச்சு ரத்தத்தைப் பாத்தா ஒண்ணும் இருக்காது. நோய் இல்லைன்னு எழுதிருவாங்க. சாட்சியை ஊரைவிட்டு அனுப்பிட்டுப் பஞ்சாயத்தைக் கூட்டுன கதை. இன்னொண்ணு, சில பேர் உடம்புல ஐஜிஏவே பிறவியிலேயே ஊறாது. அவங்களுக்கு டிடிஜி பாத்தாச் சுத்தமாத்தான் வரும். அதனால மொத்த ஐஜிஏ எவ்வளவுன்னும் சேத்துப் பாக்கணும்.

ரொட்டிதான் குத்தவாளின்னு முதல்ல கண்டவங்க இந்தச் சோதனை எதுவும் இல்லாமத்தான் கண்டாங்க. ஹாலந்துல டிக்கேன்னு ஒரு குழந்தை வைத்தியர். அவருக்கு முன்னமே கோதுமை மேல சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலத்துல யுத்தப் பஞ்சம், ரொட்டி கிடையாது. ஊரே காஞ்சு கிடக்க, இந்த நோய்ப் பிள்ளைக மட்டும் தேறுதுக. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்துச்சுக. வைத்தியருக்குப் பஞ்சம் சொன்ன பாடம்.

ராத்திரி நீ வாங்கிட்டு வர்ற ஜொன்ன ரொட்டைக்கும் ஒரு வார்த்தை. நம்ம சோளந்தான், எங்கம்மா சோளச்சோறு போட்டப்ப எவனும் சூப்பர் உணவுன்னு பாராட்டலை. தார்நாக்காவுல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்குல்லா, அது 1918ல நம்ம குன்னூர்ல தொடங்கி 1958ல ஐதராபாத்துக்குக் குடிபோனது. அங்க இயக்குநரா இருந்த சேலத்துக்காரர் கோபாலன், தக்காணத்துல சோளமே கதின்னு கிடந்த ஏழைகளுக்குப் பெல்லக்ராங்கிற சத்துக்குறைவு நோய் வர்றதை ஆராய்ஞ்சவரு. சோளத்துல குளூட்டன் கிடையாது, சரி. ஆனா சாமி அவதாரமும் கிடையாது. அரியானாப் பையனுக்கு இனி அதுதான் சோறுன்னு ஆனா, கடை மாவு வேண்டாம். கோதுமை அரைச்ச அதே மிசின்ல சோளம் அரைச்சா அதுவும் கோதுமைதான். உன் தோசைக்கல்லுல சப்பாத்தி சுட்டுட்டு அவனுக்குத் தோசை ஊத்தாதே.

நேத்து நீ போன்ல சொன்ன ரிசல்டை டாக்டரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவனுக்கு டிடிஜி எல்லையைவிடப் பல மடங்கு. வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பி போட்டுக் குடல்ல துளி சதை எடுத்துப் பாக்கப்போறாங்க. அதுவரைக்கும் அவன் வழக்கம்போல ரொட்டி தின்னே ஆகணும். அவன் பயந்துபோய் நிறுத்தப் பாப்பான். நீயே மாவு பிசைஞ்சு சுட்டுக் குடு. கூட உக்காந்து நீயும் ரெண்டு தின்னு. வேணும்னா உன் ரத்தத்துலயும் முறையா டிடிஜி பாத்துக்கோ; ஆனா அதுக்கும் நீ சில வாரம் ஒழுங்காக் கோதுமை தின்னிருக்கணும்.

பார்சல் அனுப்பியிருக்கேன். கடலை மிட்டாய் ரெண்டு கிலோ. 2020ல நம்ம ஊருக்கும் புவிசார் குறியீடு வந்தாச்சுன்னு உன் ஹலீம் கடைக்காரன்கிட்ட சொல்லு. நிலக்கடலையும் வெல்லமுந்தான், கோதுமை கிடையாது. அதுல ஒரு கிலோ அரியானாப் பையனுக்கு. ஊசி அளவை டாக்டரைக் கேட்டுக்கிட்டு அளவாத் திங்கச் சொல்லு. சின்னப் பொட்டலத்துல இருக்கிறது மாவு கலக்காத பால் பெருங்காயம். அதுவும் அவனுக்குத்தான், சாம்பார் அவனும் விரும்பித் திங்கான். உனக்குத்தான் டப்பா இருக்கே.

தாத்தா