மகோகனி மோகம்

நியூஜெர்சியின் எடிசனில் உள்ள எங்கள் வீட்டில், அமெரிக்காவிலேயே உருவானது என்று அடித்துச் சொல்லக்கூடியது வீட்டுக் கடன் ஒன்றுதான். கிரைண்டர் கோயம்புத்தூர். காருக்கு ஜப்பான்காரர் பெயர். தலையணை உறையை இங்கே கடையில்தான் வாங்கினோம். திருப்பிப் பார்த்தால் ‘மேட் இன் இந்தியா’ என்று பல்லைக் காட்டுகிறது. நான் திருச்சி. ஆகவே, ஐம்பதை நெருங்கும் வயதில் கிடார் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தபோது, அது அமெரிக்காவில் செய்த கிடாராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம் பிறந்துவிட்டது.

“இத்தனை வருஷமா வரி கட்டுறேன். இந்த ஊர்க்காரன் செஞ்ச சாமான் ஒண்ணாவது வீட்டுல இருக்க வேண்டாமா?” என்றேன்.

“அது சரி, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமாங்க?” என்றாள் மனைவி. பேச்சை எங்கேயோ திருப்புவது அவள் வழக்கம்.

வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆசை பழையது. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் பாட்டுகள் அதற்கப்புறம் பல வருஷம் டீக்கடை டீக்கடையாக ஒலித்தன. ஊரே அந்தப் பட நாயகன் மைக் மோகனாக ஆசைப்பட்டபோது, நான் பாட்டுக்குப் பின்னால் ஓடிய அந்தக் கிடாருக்கு ஆசைப்பட்டேன். கல்லூரி விடுதியில் கிடார் வைத்திருந்தவனைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். கரண்ட் போனால் அவன் முகத்துக்கு டார்ச் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. இசை உலகத்தோடு எனக்கிருந்த நேரடித் தொடர்பு அவ்வளவுதான்.

அமெரிக்கக் கிடார் என்பதோடு நான் நின்றிருக்கலாம். மகோகனியில்தான் வேண்டும் என்று அடுத்த பிடிவாதம் வந்து சேர்ந்தது. சாதாரணமாகக் கிடாரின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கமும் மகோகனியாகவோ ரோஸ்வுட்டாகவோ இருக்கும். மேல்பலகையும் சேர்த்து முழுக்க மகோகனியில் செய்கிற ஒரு வகை உண்டு. ரோஸ்வுட் கிடாரை ஒரு தட்டுத் தட்டினால் அடித்த ஸ்வரத்தோடு அதன் உறவுக்கார ஸ்வரங்களும் கிளம்பி வந்து ரீங்கரிக்கும். மகோகனியில் அடித்தது மட்டும் கேட்கும், பளிச்சென்று. ரோஸ்வுட் கல்யாண வீட்டுச் சாம்பார் என்றால் மகோகனி வீட்டு ரசம். இப்படியெல்லாம் ஆபீஸ் காபி மெஷின் அருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர், “உனக்கு ரோஸ்வுட்தான் நல்லது. தப்பா வாசிச்சாலும் அந்த ரீங்காரத்துல மறைஞ்சுடும். மகோகனி காட்டிக் குடுத்துடும்” என்றார். பொறாமைக்காரர்.

நிதி அமைச்சகம் ஆயிரம் டாலர் ஒதுக்கியது. “வரி உள்பட” என்ற பின்குறிப்போடு. நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். துணிமணிக்கு வரி கிடையாது. “பட்டுப்புடவை வாங்கினா வரியே இல்ல, தெரியுமில்ல?” என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். பட்டுப்புடவையில் கிடார் வாசிக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்து, ஒதுக்கீட்டை நினைத்து மூடிக்கொண்டேன்.

ஆயிரம் டாலருக்கு அமெரிக்க மகோகனி கிடைக்குமா? கிப்ஸன் பக்கம் எட்டிப் பார்த்தேன். மொன்டானா மாநிலத்து போஸ்மனில் செய்கிற ஜே-45 மாடல், 1942-இல் பிறந்தது, ‘உழைக்கிற குதிரை’ என்று பேர் எடுத்தது; முதுகும் பக்கமும்தான் மகோகனி. அந்தக் குதிரையின் விலை மூவாயிரத்தைத் தொடப் பார்க்கிறது. மரியாதையாக விலகிக்கொண்டேன். கில்ட் கம்பெனியின் எம்-20, கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் செய்தது, முழு மகோகனி, சின்ன உடம்பு. மார்ட்டின் கம்பெனியின் 000-15எம், பென்சில்வேனியாவின் நாசரேத்தில் செய்தது, அதுவும் முழு மகோகனி. இரண்டும் ஆயிரத்தைச் சாவகாசமாகத் தாண்டிப்போய் ஆயிரத்தைந்நூறு வட்டாரத்தில் உட்கார்ந்திருந்தன.

ஆயிரத்துக்குக் கீழே வந்தால் பெயர்ப்பலகை அமெரிக்கா, பிறந்த ஊர் வேறு. டெய்லர் கம்பெனிக்குத் தலைமையிடம் கலிபோர்னியாவின் எல் கஹோன்; மகோகனி மேல்பலகை போட்ட அதன் குட்டிக் கிடார் எல்லை தாண்டி மெக்சிகோவின் டெக்காட்டேயில் பிறக்கிறது. கில்ட்டின் மலிவு வரிசைக்கு ‘வெஸ்டர்லி’ என்று பெயர். ரோட் ஐலண்டில் அந்தக் கம்பெனியின் பழைய தொழிற்சாலை இருந்த ஊர் அது. ஆனால் அந்த வரிசையில் இருக்கும் மகோகனி எம்-120 சீனாவில் செய்வது. கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு மாட்டிய நெடுஞ்சாலைக் கடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் அதிர்ச்சியா என்ன?

மார்ட்டினிலும் மலிவு வரிசை உண்டு. மெக்சிகோவில் நவோஹோவா என்ற ஊரில் செய்கிறார்கள். அதில் ஒன்று பார்க்க அசல் மகோகனி. விவரம் படித்தால், எச்.பி.எல். என்று ஒளிவுமறைவில்லாமல் போட்டிருந்தது. காகிதத்தையும் ரெசினையும் பயங்கர அழுத்தத்தில் இறுக்கி, மேலே மகோகனிப் படத்தை ஒட்டிய பலகை. நம் ஊர் மொழியில் சன்மைக்கா. வெயில், மழை, குளிர் எதற்கும் முகம் சுளிக்காத சாமர்த்தியசாலிப் பொருள்தான். ஆனாலும் திருச்சி வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார மனம் வரவில்லை.

நாசரேத் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள். போகிற வழியில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில். தரிசனம், கேன்டீன் புளியோதரை, அப்புறம் மார்ட்டின் அருங்காட்சியகம் என்று திட்டம் போட்டதும் மனைவி சம்மதித்தாள். புளியோதரைக்குத்தான்.

அங்கே போய்த்தான் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டினை முழுதாகத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியின் சாக்ஸனியில் மார்க்நாய்கிர்ஷன் என்ற ஊர்க்காரர். கிடார் செய்வது யார் உரிமை என்று வயலின் செய்கிறவர்களின் சங்கத்துக்கும் தச்சர்களுக்கும் சண்டை. மார்ட்டின் குடும்பம் தச்சர் பக்கம். போதுமப்பா என்று 1833-இல் கப்பலேறி நியூயார்க் வந்து கடை போட்டார். அந்த ஊரும் ஒத்துவராமல் 1830-கள் முடிவதற்குள் நாசரேத்துக்கு ஜாகை மாற்றிவிட்டார். ஆபீஸ் அரசியல் தாங்காமல் அமெரிக்கா வந்து, நியூயார்க்கை விட்டு அடுத்த மாநிலத்தில் வீடு பிடித்தவர். “நம்ம ஆளுடி” என்றேன் மனைவியிடம். “அவரு செய்யக் கத்துக்கிட்டு வந்தாரு” என்றாள்.

இந்தக் கம்பெனியின் எண் கணக்கு எனக்கு மனப்பாடம். முன்னால் வரும் பூஜ்யம் உடம்பின் அளவு. ஒற்றை ஓ சின்னது, டபுள் ஓ கொஞ்சம் பெரியது, ட்ரிபிள் ஓ இன்னும் பெரியது. பூஜ்யம் கூடக் கூட மதிப்பு ஏறுவதைக் கிடாரில்தான் கண்டேன். என் சேமிப்புக் கணக்கில் அப்படி நடக்கவில்லை. பின்னால் வரும் எண் அலங்காரம். 45 என்றால் ஓரமெல்லாம் சிப்பி இழைத்திருக்கும். 28 ரோஸ்வுட். 18-இல் முதுகு மகோகனி. 15 என்பது நகைநட்டு எதுவும் போடாத ஏழைப் பெண். 1940-இல் வந்த வரிசை. இரும்புக் கம்பி கட்டுவதற்கென்றே உள்சட்டம் வலுவாக்கி மார்ட்டின் வழக்கமாகச் செய்யத் தொடங்கியதும், 1922-இல், ஒரு மலிவான மகோகனிக் கிடாரில்தான். எனக்கு மலிவான பொருளுக்கு வரலாறு இருந்தால் ரொம்பப் பிடிக்கும். விலையை மறைத்துக்கொண்டு வரலாற்றைப் பேசலாம்.

வாசித்துப் பார்க்க அங்கே கிடார்கள் வைத்திருந்தார்கள். 000-15எம்-ஐ எடுத்து மடியில் வைத்தேன். பளபளப்பில்லாத அடர்பழுப்பு. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. மேல்பலகையில் விரலை ஓட்டினால் பாலிஷுக்கு அடியில் மரத்தின் துவாரங்கள் மெலிதாகத் தட்டுப்பட்டன. வாசிக்கத் தெரியாதவன் இந்த இடத்தில் செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் செய்தேன். முதுகை விரல் கணுவால் தட்டி, தலையை ஆட்டினேன். ஒரு கண்ணை மூடிக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். துளைக்குள் எட்டி, உள்கட்டையில் அச்சடித்திருந்த மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் படித்தேன். கடைசியில் மூக்கை வைத்து முகர்ந்தேன். புது மரப்பெட்டி வாசனை. இதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லாமல் ஜி கார்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். நன்றாகவே இருந்தது. பக்கத்து முக்காலியில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை, கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்து, ஐந்து விரலும் ஐந்து திசையில் ஓட ஏதோ வாசிக்க ஆரம்பித்தது. நான் மறுபடியும் முதுகைத் தட்டிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: “இந்த மரம் இங்க வளருதா?”

வளருவதில்லை. கிடாருக்கான பெரிய இலை மகோகனி மத்திய, தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வருகிறது. வெட்டித் தீர்த்துவிட்டதால் 2003-இலிருந்து அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. வேப்பமரக் குடும்பம், விலை குறைந்த கிடார்களில் அதற்குப் பதிலாக வரும் ஆப்பிரிக்க சப்பேலே மரமும் அதே குடும்பத்து ஒன்றுவிட்ட தம்பி.

“விரல் வைக்கிற கறுப்புப் பலகை?”

அது பல மாடல்களில் இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிக்கலானதும் 1969 வாக்கில் மார்ட்டின் நம் ஈட்டிக்கு மாறியது என்று பெருமையோடு சொன்னேன்.

“கம்பெனி வச்சது ஜெர்மன்காரரு. மரம் அந்தக் காட்டுது. பலகை நம்ம ஊருது. அப்ப இதுல அமெரிக்கா எங்க இருக்கு?”

“விலையில” என்றேன்.

இனி பழசுதான் வழி. புதுசுக்குக் கொடுக்க வக்கில்லாதவனைக் கிடார் உலகம் ரொம்ப கௌரவமாக நடத்துகிறது. மரம் காயக் காயச் சத்தம் பழுத்து வரும், பழையதுதான் மேல் என்று பெரிய வித்வான்களே சொல்கிறார்கள். அந்த வேதவாக்கைப் பற்றிக்கொண்டு தேடியதில் ஆலன்டவுன் பக்கம் ஒரு வீட்டில் 000-15எம் இருந்தது. ஒரே கை பட்டது, கெட்டியான பெட்டியோடு, 1,150 டாலர். பேரம் எனக்கு வராது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிறவன். மனைவியைக் கூட்டிப்போனேன்.

அவள் கிடாரைத் தொடவே இல்லை. துளைக்குக் கீழே இருந்த நகக்கீறலை மட்டும், சொத்தைக் கத்தரிக்காயைப் பார்க்கிற பார்வையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரர் தயங்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி பதில் சொன்னார்: வீட்டில் இன்னும் ஏழு இருக்கிறதாம், ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டமாம். அடுத்த நிமிஷம் இரண்டு பெண்களும் சமையலறையில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் மகோகனியின் அடிநாதத்தைப் பற்றி, யாருக்கும் கேட்காத குரலில் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது விலை 975 ஆகியிருந்தது. கழுத்தில் மாட்டும் கேப்போ கிளிப் ஒன்றும் பிரிக்காத கம்பி செட் ஒன்றும் இனாம். எனக்குத்தான் காரில் பாடம் நடந்தது. “ஒண்ணு வாங்கினவங்க ஒண்ணோட நிக்கவே மாட்டாங்களாம். அந்த அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க.”

கிடார் வந்த பிறகுதான் அதன் ஜாதகம் முழுதாகப் புரிந்தது. முழு மரக் கிடாருக்குக் காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருக்க வேண்டும். நியூஜெர்சிக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீடு அப்பளமாகக் காய்கிறது. மரம் சுருங்கி வெடித்துவிடும். அதனால் அதற்கென்று தனி அறை, ஈரம் அளக்கிற குட்டி மீட்டர், இரவு பகலாக ஆவி விடும் ஹியூமிடிஃபையர். எனக்கு உதடு வெடித்தபோது கிடைத்தது தேங்காயெண்ணெய். மாமியார் ஊரிலிருந்து வந்தார். வந்த வாரமே கை கால் தோல் எல்லாம் உரிகிறது என்றார். வீட்டில் மனிதர் வசிக்கத் தகுந்த அறை கிடார் அறைதான் என்று கண்டுபிடித்து அங்கேயே கட்டிலைப் போடச் சொல்லிவிட்டார். கிடாரும் அவரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். நான் கதவைத் தட்டி அனுமதி கேட்டுப் பயிற்சி செய்கிறேன்.

ஜி, சி, டி என்று மூன்று கார்டு பிடிபட்டிருக்கிறது. எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும். என் விரல் நாலரைக் கம்பிக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. அன்றைக்கு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் ஜபமாலையைக் கீழே வைத்துவிட்டு, கிடாரின் முதுகைக் கணுவால் தட்டிப் பார்த்தார். என்னைவிட நேர்த்தியாகத் தட்டினார்.

“வீணைன்னா பலா மரம். இது என்ன மரம் மாப்பிள்ளை?”

“மகோகனி, அத்தை.”

“அட, நம்ம தோட்டத்துல வரப்போரமா உங்க மாமா நூறு கன்னு வச்சிருக்காங்களே, அதுவா? இதுக்கா இவ்வளவு பணம் குடுத்தீங்க?”

“அது முத்தி வைரம் பாய இன்னும் இருபது வருஷமாவது ஆகும், அத்தை.”

“அதுக்குள்ள ஒரு பாட்டு வந்துடும் இல்ல, மாப்பிள்ளை?”