மரங்களுக்கு ஒரு நோட்டீஸ்

கொள்ளையடிக்கும் முன் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் அது கொள்ளை ஆகாது. இந்த அரிய சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்த பெருமை 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினுக்கு உரியது.

1513இல் அரசவைச் சட்ட நிபுணர் பலாசியோஸ் ரூபியோஸ் ஒரு பத்திரம் எழுதினார். பெயர் ரெக்கெரிமியென்டோ. அமெரிக்கக் கரையில் இறங்கும் படை, வாளை உருவும் முன் இதை உரக்க வாசிக்க வேண்டும். சாரம் இதுதான்: கடவுள் உலகைப் படைத்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் போப்பிடம் விட்டார். போப் உங்கள் மண்ணை எங்கள் ராஜாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மரியாதையாக ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போர் தொடுப்போம்; பெண்டு பிள்ளைகளைப் பிடித்து அடிமைகளாக விற்போம். அதில் விளையும் சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு.

வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்டவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. சில ஊர்களில் கேட்கவே ஆள் இல்லை. காலிக் குடிசைகளுக்கும் மரங்களுக்கும் வாசித்தார்கள். மரங்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. முறைப்படி வாசித்தாயிற்று என்று சான்றளிக்க நோட்டரி ஒருவர். பிறகு வெட்டு.

இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்று அந்தக் காலத்துப் பாதிரியார் லாஸ் காசாஸே எழுதி வைத்திருக்கிறார்.

கருணைக்கும் குறைவில்லை. 1512இல் பழங்குடிகளைக் காப்பாற்ற பர்கோஸ் சட்டங்கள் வந்தன. நான்கு மாதத்துக்கு மேல் கர்ப்பமானவளைச் சுரங்கத்துக்கு அனுப்பக் கூடாது. யாரையும் 'நாய்' என்று கூப்பிடக் கூடாது. மற்றவர்களை அனுப்பலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

1492இல் கரீபியன் தீவான எஸ்பானியோலாவில் அந்த மண்ணின் மக்களான தாய்னோ எத்தனை பேர்? பல்லாயிரம் என்கிறார் ஓர் அறிஞர். பல லட்சம் என்கிறார் இன்னொருவர். 1514 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் சுமார் 26,000. 1518 கடைசியில் பெரியம்மை வந்து இறங்கியது. ஆள் தீர்ந்தால் என்ன? ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக 4,000 அடிமைகளை ஏற்றிவர அதே ஆண்டு ராஜா லைசென்ஸ் கொடுத்தார். லைசென்ஸ் இல்லாமல் மனிதனை விற்பது குற்றம் அல்லவா?

சரி, இத்தனை பாவத்தையும் செய்து ஸ்பெயின் உருப்பட்டதா? வயிற்றெரிச்சலே அங்கேதான். 1545இல் தென் அமெரிக்காவின் பொட்டோசியில் வெள்ளி மலையே கிடைத்தது. சுற்றியுள்ள மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்து அந்தச் சுரங்கத்தில் உழைக்க வேண்டும் என்று 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் டொலேடோ உத்தரவு போட்டார். போனவர்களில் பலர் திரும்பவில்லை. வெள்ளி திரும்பியதா? அதுவும் தங்கவில்லை. பாதி போருக்கு, மீதி ஜெனோவா வட்டிக்காரர்களுக்கு. 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்ப மஞ்சள் கடுதாசி கொடுத்தார் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். ஊரான் மலையைக் குடைந்து, ஊரானைக் கொன்று, கடைசியில் கடன்காரனாக நின்ற சக்கரவர்த்தி!

"மிளகாய் வந்ததே, தக்காளி வந்ததே, உருளைக்கிழங்கு வந்ததே" என்று வக்காலத்து வாங்க இன்றும் ஒரு கூட்டம் இருக்கிறது. வந்தது, இல்லையென்று யார் சொன்னது? நம் குழம்பின் காரமே போர்ச்சுகீசியர் கப்பலில் வந்திறங்கியதுதான். ஆனால் காட்டுச் செடியை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழக்கிப் பயிராக்கியவன் மெக்சிகோவின் உழவன், ஆண்டிஸ் மலையின் உழவன். கப்பலில் ஏற்றியவனுக்கு ஊரெல்லாம் சிலை. விளைவித்தவனுக்கு நோட்டீஸ்.

2019இல் மெக்சிகோ அதிபர், மன்னிப்புக் கேளுங்கள் என்று ஸ்பெயின் மன்னருக்குக் கடிதம் எழுதினார். ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. 500 ஆண்டுக்கு முந்தைய செயலை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாதாம்.

இன்றைய அளவுகோல் எதற்கு? அன்றையதே போதும். 1511 டிசம்பரில் அதே எஸ்பானியோலாவின் சாண்டோ டொமிங்கோ தேவாலயத்தில் மொன்டெசினோஸ் என்ற பாதிரியார், இந்தப் பழங்குடிகள் மனிதர்கள் இல்லையா என்று ஸ்பானியக் குடியேறிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். குடியேறிகள் ராஜாவிடம் புகார் செய்தார்கள். பாதிரியாரை வாயை மூடச் சொல்லி ராஜா உத்தரவு போட்டார்.